கீபோர்டுக்கும் குழாய்க்கும் நடுவே

ஏலமலைச் சரிவுகளின் அடியில் அமைந்த போடிநாயக்கனூரிலும், அதன் தெற்கே வரிசையாக வரும் சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம் முதலிய ஊர்களிலும், ஒரு ஹார்மோனியமும் ஒரு டோலக்கும் நல்ல சாரீரமுள்ள ஒருவரும் இருந்தால் கச்சேரி நடந்துவிடும் என்றிருந்த காலம் போய், இன்று கோயில் திருவிழாவானாலும் தேவாலயத்து ஆராதனையானாலும் கல்யாண வரவேற்பானாலும், கீபோர்டும் தாளம் தட்டும் பேடும் மடிக்கணினியும் மேடையில் தமக்குரிய மூலையைப் பிடித்துக்கொண்டுவிட்டன. மேடை ஏறாமல், மாடியறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இதே சாதனங்களால் தமக்குத் தாமே இசை அமைத்துப் பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் மூன்றாவது யந்திரத்தை வாங்கிய அன்றே ஒரு கேள்வியைச் சந்தித்தாக வேண்டும்: இத்தனை ஒலிகளையும் ஒன்றுசேர்த்து ஓர் ஆம்பிளிபயருக்கு அனுப்புவது எப்படி என்பதே அது. அதற்கான சாதனம் மிக்ஸர். கடையில் அதைப் பார்க்கும்போது மனத்தை மயக்குவது அதன் மேல் வரிசையாக நிற்கும் திருகுகள். ஆனால் உண்மையில் கவனிக்க வேண்டியவை அதன் பின்புறத்திலும் விளிம்பிலும் உள்ள துளைகள்தாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிரதேசத்துக்கும் மேடை இசைக்கும் உள்ள சம்பந்தம் பழையது. தேவாரத்தைக் கடந்து சென்றால் வரும் பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டில் பிறந்த இளையராஜா, சிறுவனாக இருந்தபோதே தம் தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். அந்தப் பாவலர் வரதராஜனோ, 1958ஆம் ஆண்டில் மலைக்கு மேலே தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்ட இடைத்தேர்தலின்போது, தோட்டத் தொழிலாளரிடையே கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பாடிப் பிரசாரம் செய்தவர். அப்படிப்பட்ட குழுக்களுக்கு மிக்ஸர் என்ற ஒன்று தேவைப்படவில்லை. பாடகரின் குரலும், ஹார்மோனியத்தின் காற்றும், தோல் வாத்தியத்தின் அதிர்வும் மைக்கை அடையுமுன் வெளியிலேயே கலந்துவிட்டன. யார் முன்னே நிற்பது, யார் ஓரடி பின்னே நகர்வது என்பதுதான் அன்றைய ஒலிக் கலவையின் சூட்சுமம் முழுவதும்.

மின்னணு வாத்தியத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சின்தசைசர் தானாக ஓசை எழுப்புவதில்லை. அதிலிருந்து வெளிவருவது கம்பி வழியே ஓடும் ஒரு சிறிய மின்னழுத்த மாற்றம் மாத்திரமே. இரண்டு சின்தசைசர்களை ஒரே அறையில் அருகருகே வைத்தாலும் அவற்றின் நாதங்கள் தாமாகக் கலப்பதில்லை. முற்காலத்தில் காற்று இலவசமாகச் செய்துவந்த காரியத்தை இங்கே ஒரு பெட்டி செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு வாத்தியங்களின் வயர்களையும் முறுக்கி ஒன்றாக்கிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தும் பார்ப்பார்கள். ஆனால் ஒன்றின் அவுட்புட் மற்றொன்றின் அவுட்புட்டையே சுமையாக ஏற்று இழுக்க ஆரம்பிப்பதால், இரண்டின் சத்தமும் நலிந்து, சில வேளைகளில் சிதைந்தும் போகும். மிக்ஸர் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே வரவேற்று, ஒன்றின் அழுத்தம் மற்றொன்றைப் பாதிக்காதபடி தடுத்து, பிறகே கூட்டித் தருகிறது.

நம் நாட்டில் இந்தக் கலையின் பூர்வ சரித்திரம் சுவையானது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்திருந்து, மூக் சின்தசைசர் ஒன்றைக் கொண்டு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். பிறகு 1982ஆம் ஆண்டில், பம்பாய்த் திரையிசையில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், ரோலண்டு நிறுவனத்தின் மூன்றே யந்திரங்களை வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைக் கவனித்தவர் அதிகம் இல்லை. 2010ஆம் ஆண்டில் அது மறுபதிப்பாக வந்தபோதுதான், மேற்கே ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகை பிறப்பதற்கு முன்பே அதையொத்த ஒன்றை இங்கே ஒருவர் செய்துவிட்டாரே என்று உலகம் வியந்தது. தமிழ்த் திரையில் 1986ஆம் ஆண்டில் வந்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ ஆகிய படங்களில், பண்ணைப்புரத்துக்காரரே இந்த யந்திர நாதங்களைத் தாராளமாகக் கையாண்டார்.

சரண்ஜித் சிங்கின் அந்த மூன்று யந்திரங்களையே உதாரணமாக எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். பாஸ் ஒலிக்கு டி.பி. 303; அதற்கு ஒரே அவுட்புட். தாளத்துக்கு டி.ஆர். 808, மொத்தமாக எடுத்தால் ஒன்று போதும், ஆனால் ஒவ்வொரு தாளச் சத்தத்துக்கும் தனித்தனித் துளையும் அதன் பின்புறத்தில் உண்டு. ராகம் வாசிப்பதற்கு ஜூபிட்டர் 8, அதற்கு இரண்டு. ஆக, மிகச் சிக்கனமாக வைத்தாலும் நான்கு இன்புட். தாளத்தின் பெரிய முரசொலியை மாத்திரம் பிரித்து வைத்துக்கொள்ள விரும்பினால் ஐந்து. மிக்ஸரைத் தேடிக் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு காகிதத்தில் செய்ய வேண்டிய கணக்கு இவ்வளவுதான். இதைச் செய்யாமல் போனவர்கள் பெரும்பாலும் தேவைக்கு இரு மடங்கு பெரியதையோ, ஒரு துளை குறைந்ததையோ வாங்கிவருகிறார்கள்.

போடியில் ஒரு சிறு குழுவின் நிலைமையைப் பார்ப்போம். இந்திய வாத்திய ஓசைகளோடு நம் சந்தைக்கென்றே விற்கப்படும் யமஹா பி.எஸ்.ஆர். ஐ வரிசைக் கீபோர்டோ, ரோலண்டு எக்ஸ்.பி.எஸ். 10 போன்றதோ ஒன்று இருக்கும். ஸ்டீரியோவாக எடுத்தால் அதற்கு இரண்டு இன்புட். பேடுக்கு இரண்டு. மடிக்கணினிக்கு அல்லது கைப்பேசிக்கு இரண்டு. சுருதிப் பெட்டிக்கு ஒன்று. பாடுபவரின் மைக்குக்கு ஒன்று. கூட்டினால் எட்டு. இந்த எட்டில் மைக் என்பது ஒன்றே ஒன்று என்பதையும், மற்ற ஏழும் ‘லைன்’ எனப்படும் வகையைச் சேர்ந்தவை என்பதையும், அந்த ஏழிலும் ஆறு இடம், வலம் என்று ஜோடி ஜோடியாக வருபவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தப் பாகுபாடு ஏன் முக்கியமென்றால், மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுகளே; லைன் வகையில் வீட்டு உபயோகக் கருவிகளுக்கு ஏறத்தாழ 0.316 வோல்ட், தொழில்முறைக் கருவிகளுக்கு 1.23 வோல்ட் என்பது வழக்கமான அளவு. மைக்குக்கென்று அமைந்த துளையின் பின்னால், அந்தச் சிற்றொலியைப் பல மடங்கு பெருக்கும் ஒரு சுற்று இருக்கிறது. மிக்ஸரின் விலையில் கணிசமான பங்கு அதற்கே போகிறது. பாடகர்கள் நால்வரும் மிருதங்கமும் வயலினும் உள்ள கச்சேரிக்கு அது அவசியம். கீபோர்டும் பேடும் கணினியுமாக இருப்பவர், தாம் ஒருபோதும் உபயோகிக்கப் போகாத ஆறு மைக் பெருக்கிகளுக்குப் பணம் கொடுப்பதில் என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியவை ஸ்டீரியோ லைன் இன்புட்டுகள். இந்தத் தேவை முதன்முதலில் உணரப்பட்டதும் இப்படித்தான். ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காகேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கிய ‘மிடி’ என்ற பொது மொழி 1983ஆம் ஆண்டில் வந்தபின், ஒரே கலைஞர் ஒரு கீபோர்டிலிருந்தே நாலைந்து யந்திரங்களை ஆட்டுவிக்கலாம் என்றாயிற்று. அந்த நாலைந்தையும் சேர்க்க, மைக்கைவிட லைனுக்கே முதன்மை தரும் சிறு மிக்ஸர் ஒன்றை அமெரிக்காவில் கிரெக் மாக்கி 1989ஆம் ஆண்டில் செய்து விற்றார். இன்று மேசைமேல் அடங்கும் சிறு மிக்ஸர்களில் பலவும் அந்த வழியில் வந்தவை.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது. ஏலக்காய் வியாபாரி மூட்டையின் மேலெழுத்தைப் படித்து விலை சொல்வதில்லை. காயைக் கையில் கொட்டிப் பருமனையும் பசுமையையும் கண்டபிறகே சொல்லுவார். மிக்ஸர் வாங்குபவரும் அப்படியே செய்ய வேண்டும். ‘பத்துச் சானல்’ என்றால் பத்து வாத்தியம் என்று பொருளல்ல; ஜோடிகளை இரண்டிரண்டாக எண்ணிக் கூட்டியதே அந்தப் பத்து. யமஹா எம்.ஜி. 10 என்ற மாதிரியில் ஒற்றை இன்புட் நான்கும் ஸ்டீரியோ ஜோடி மூன்றும் உள்ளன. நாம் மேலே பார்த்த குழுவுக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது: மூன்று ஜோடிகளில் கீபோர்டும் பேடும் கணினியும் போக, மைக்குக்கும் சுருதிப் பெட்டிக்கும் இரண்டு கொடுத்து, இன்னும் இரண்டு மிச்சமிருக்கிறது. பெஹ்ரிங்கர் ஜெனிக்ஸ் 802 விலை குறைந்தது. அதில் ஒற்றை இரண்டு, ஜோடி இரண்டு. கணினிக்கு அதில் முறையான இடம் இல்லை. டேப் கருவிக்கென்று ஒதுக்கிய துளையில் அதைச் சொருகலாம். அந்தத் துளைக்கு மற்றவற்றைப் போலத் தனித் திருகு கிடையாததால், கணினியின் சத்தத்தைக் கணினியிலேயே கூட்டிக் குறைக்க வேண்டிவரும். வீட்டில் பழகும் மாணவருக்கு இது ஒரு குறையல்ல, மேடையில் குறைதான்.

உள்ளே வருவதைப் பற்றி இவ்வளவு சொன்னபின், வெளியே போவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும், பலர் யோசிப்பதில்லை. நம் ஊர் மைக் செட்டுக்காரரிடம் பெரும்பாலும் இருப்பது அகுஜா ஆம்பிளிபயரும் அதனோடு இணைந்த குழாய்களும் பாக்ஸ்களும். தெருவின் இரு கோடியிலும் கட்டிய குழாய்களில் இடம் எது, வலம் எது? எல்லாம் ஒன்றே, அதாவது மோனோ. ஸ்டீரியோவில் விசாலமாகக் கேட்கும்படி கீபோர்டில் அமைத்துள்ள சில ஓசைகள், இடமும் வலமும் ஒன்றாகக் கூட்டப்படும்போது ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொண்டு மெலிந்து ஒலிக்கும். ஹெட்போனில் கேட்டபோது வானளாவிய வயலின் கூட்டம், குழாயில் வரும்போது பாதிப் பேர் எழுந்து போய்விட்டாற்போல இருப்பதற்குக் காரணம் இதுதான். பல கீபோர்டுகளின் இடப்புறத் துளையின் அருகில் ‘மோனோ’ என்றும் எழுதியிருப்பார்கள். அந்த ஒன்றில் மாத்திரம் ஜாக்கைச் சொருகினால் கீபோர்டே தன் இரு பக்க ஒலியையும் சேர்த்து அனுப்பிவிடும். திருவிழா மேடைக்கு இதுவே உத்தமம் என்பேன். அத்துடன் மிக்ஸரில் ஓர் இன்புட்டும் மிச்சமாகிறது. வீட்டில் ஹெட்போனுக்கும் பதிவுக்கும் ஸ்டீரியோவை வைத்துக்கொள்ளலாம்.

பதிவு என்றதும் யு.எஸ்.பி. பற்றிய ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டும். யமஹாவின் எம்.ஜி. 10 எக்ஸ்.யூ. போன்றவற்றில் கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. துளை இருப்பது உண்மை. ஆனால் அதன் வழியே போவது கலந்து முடிந்த ஸ்டீரியோ ஒன்றே. பேடின் சத்தம் அதிகமாகிவிட்டது என்று மறுநாள் தோன்றினால், அதை மட்டும் குறைக்க வழியில்லை. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாகப் பதிய விரும்புபவர், அதற்கென்றே செய்யப்பட்ட மிக்ஸரை வாங்க வேண்டும். ஜூம் நிறுவனத்தின் லைவ்டிராக் எல் 8 அப்படிப்பட்டது, நான்கு சாதாரணப் பேட்டரிகளிலும் அது இயங்கும். டீனேஜ் எஞ்ஜினியரிங் என்ற சுவீடன் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.எக்ஸ். 6, உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஆறு ஸ்டீரியோ இன்புட் கொண்டது. கைவேலைப்பாட்டில் அது ஓர் ஆபரணமே, விலையும் அப்படியே. ஆனால் கைப்பேசி ஹெட்போனுக்குரிய சிறிய துளைகளில் எல்லாவற்றையும் சொருகி, திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒருவர் வயரில் கால் தடுக்க மாட்டார் என்று நம்பி உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

எக்கோ முதலிய ஒலி அலங்காரங்கள் மிக்ஸருக்குள்ளேயே வருவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கீபோர்டிலேயே அவை வேண்டிய மட்டும் உள்ளன. பாடுபவருக்கு ஒரு சிட்டிகை இருந்தால் போதும். நம் பக்கத்தில் அதை ஒரு படியாக அள்ளிப் போட்டு, வாழ்த்துரை வழங்குபவரின் ஒரு சொல் நான்கு சொல்லாகும்படி செய்வது சம்பிரதாயமாகிவிட்டது. ‘ஆக்ஸ்’ என்று எழுதிய திருகு ஒன்றேனும் ஒவ்வொரு சானலிலும் இருக்கிறதா என்று மாத்திரம் பார்த்துக்கொள்வது நலம். பாடுபவர் தம் பாட்டைத் தாமே கேட்க ஒரு தனி ஸ்பீக்கருக்குத் தனிக் கலவை அனுப்பவும், வெளியே ஓர் எக்கோ கருவியை இணைக்கவும் அதுவே வழி. இந்த இரண்டுக்குமே வேண்டுமென்றால் ஒரு திருகு போதாது. சிறு மிக்ஸர்களில் பலவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

இனி, சமவெளி நகரத்தார் எழுதும் ஆலோசனைகளில் அதிகம் காணாத விஷயத்துக்கு வருவோம். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள். அதன் மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரியும் தோட்டங்களில் நம் பக்கத்துத் தொழிலாளரும் அவர்களுடைய கோயில்களும் தேவாலயங்களும் இருப்பதால், வாத்தியக்காரரும் ஜீப்பில் ஏறி அங்கே போகிறார்கள். ஜீப்பின் குலுக்கலில் முதலில் கெடுவது ஜாக் துளைகள். மிக்ஸரைக் கையில் எடுத்ததும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உலோக மரை போட்டு முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மரை இருந்தால் வயரை இழுக்கும் பாரம் பெட்டியின் தகட்டில் விழும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பலகையின் ஈயப் பற்றில் விழுந்து, ஒரு பருவத்துக்குள் அது விட்டுவிடும். ஏற்றமும் இறக்கமுமாக அலைபவருக்கு, நீண்ட ஃபேடர்களைவிடச் சிறு திருகுகள் உள்ளதே மேல் என்பதும் என் கருத்து. ஃபேடரின் பிளவு வழியே தூசி புகும். திருகு அந்த அளவுக்கு வாய் திறப்பதில்லை.

தென்மேற்குப் பருவத்தில் மேட்டில் நாள் முழுவதும் மூடுபனி. ஈரம் படிந்த தொடுமுனைகள், திருகைத் திருப்பும்போதெல்லாம் ‘கரகர’வென்று ஒலிக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் மிக்ஸரை நனைந்த துணியோடு சேர்த்துக் கட்டாமல், மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். கரகரப்பு வந்துவிட்டால் மின்னணுக் கடைகளில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை உபயோகிக்க வேண்டுமேயன்றி, கையில் அகப்பட்ட மண்ணெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ விடக் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஈரத்தைவிடப் பெரிய சங்கடம் மின்சாரம். மடிக்கணினியை மிக்ஸரோடு இணைத்த மாத்திரத்தில் ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழுவதைக் கேட்காத வாத்தியக்காரர் இருக்க மாட்டார். நம் மின்சாரம் ஒரு விநாடிக்கு 100 முறை திசை மாறி ஓடுவது. கணினியின் அடாப்டர் ஓரிடத்தில் எர்த்தைத் தொட்டு, மிக்ஸரோ ஆம்பிளிபயரோ வேறோரிடத்தில் எர்த்தைத் தொட்டு, அவ்விரண்டையும் ஒலி வயரின் உறை இணைத்துவிட்டால், ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் இரைச்சலாகக் கேட்கிறது. இதற்கு நம்மவர் கண்டுபிடித்த வைத்தியம், மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுவது. இரைச்சல் நிற்பது மெய். ஆனால் ஆம்பிளிபயரில் மின்கசிவு ஏற்பட்டால், ஈரத் தரையில் நின்று மைக்கைப் பிடித்திருப்பவரின் உடம்பே எர்த் ஆகிவிடும். அதை ஒருபோதும் செய்யலாகாது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்தாலே பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். அடங்காவிட்டால், கணினிக்கும் மிக்ஸருக்கும் இடையே டிரான்ஸ்பார்மர் வைத்த டி.ஐ. பெட்டி ஒன்றைப் பொருத்தினால், ஒலி மாத்திரம் காந்தப்புலத்தின் வழியே தாண்டிச் செல்லும். கம்பித் தொடர்பு அறுந்துவிடும். மின்தடை நேரத்துக்கு இன்வெர்ட்டர் வைத்துக்கொள்பவர்கள், சுத்தமான சைன் அலை தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுழற்றும், ஆனால் மிக்ஸருக்குள் வண்டு ஒன்றை ஓயாமல் ரீங்கரிக்க வைத்துவிடும்.

வாங்கும்போது தம் கீபோர்டையும் தம் வயர்களையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. போடிக்கு அகல ரயில் பாதை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வந்துவிட்டதால் மதுரைக் கடைகளுக்குச் சென்று வருவதில் சிரமம் இல்லை. கடையில் ஒன்றையும் வாசிக்காமல், எல்லாத் திருகுகளையும் வழக்கமான அளவில் வைத்து, ஹெட்போனில் வெறும் மௌனத்தைக் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எவ்வளவு என்று அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு திருகையும் ஒரு முறை முழுவதும் திருப்பி, ஒவ்வொரு துளையிலும் ஜாக்கைச் சொருகி இலேசாக ஆட்டியும் பார்க்க வேண்டும். பழைய மிக்ஸர் வாங்குபவருக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

கடைசியாக அடாப்டர். மேற்சொன்ன எம்.ஜி. 10, ஜெனிக்ஸ் 802 ஆகிய இரண்டுக்குமே மின்சாரம் தருவது வெளியே தனியாக இருக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து வருவது மூன்று முனைகள் கொண்ட பின் வழியே செல்லும் மாறுதிசை மின்சாரம். கைப்பேசிச் சார்ஜரோ, வை-ஃபை பெட்டியின் 12 வோல்ட் அடாப்டரோ அதற்குப் பதிலாகாது. பின்னும் பொருந்தாது, மின்சாரமும் பொருந்தாது. சாந்தன்பாறையில் மாலை ஆறு மணிக்கு ஆராதனை தொடங்குமுன் அது கருகிவிட்டால், அங்கே உள்ள எந்தக் கடையிலும் அது கிடைக்கப் போவதில்லை. ஆகவே மிக்ஸர் வாங்கும் அன்றே, அதே நிறுவனத்தின் அதே எண்ணுள்ள அடாப்டர் இன்னொன்றையும் கேட்டு வாங்கி, அதன்மேல் மிக்ஸரின் பெயரை எழுதி ஒட்டி, அதே பெட்டியில் போட்டுவைக்க வேண்டும்.